பாம்பு உங்களை அளந்து பார்க்கவில்லை

போன இதழில் வீட்டு விலங்குகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நானும் இரண்டு பாம்புகள் வளர்க்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். அதுவரை நாய்க்குப் பூச்சி மருந்து, மீன் தொட்டியில் பாசி என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பாம்புக்குத் தாவிவிட்டார்கள். வந்த கடிதங்களில் பாதி கேள்வி, கால்வாசி அறிவுரை, மிச்சம் சாபம். சாபங்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

முதலில் என் பக்கத்துக் கணக்கு. என்னிடம் இருப்பது ஒரு கார்ன் ஸ்நேக், ஆண், 9 வயது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சாரை வகைப் பாம்பு. இன்னொன்று பால் பைதான், பெண், 14 வயது, பெயர் உருண்டை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு. இரண்டும் கூண்டிலேயே பிறந்தவை, இரண்டுக்கும் விஷம் கிடையாது.

கே: ஒரு பெண் மலைப்பாம்பு வளர்த்தாராம். அது தினமும் இரவில் அவர் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொள்ளுமாம். திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டதாம். டாக்டரிடம் கொண்டுபோனால், "அம்மா, அது உங்களை விழுங்குவதற்காக வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு நீளம் அளந்து பார்க்கிறது" என்றாராம். இதைப் படித்த பிறகும் தைரியமாக வளர்க்கிறீர்களே?

இந்தக் கதை இந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஒருவருக்கு அந்தப் பெண் அத்தை வீட்டுக்குப் பக்கத்து வீடு, இன்னொருவருக்கு அலுவலக நண்பரின் தங்கை, மூன்றாமவருக்கு வெளிநாட்டில் இருக்கும் யாரோ. ஏழு பேரில் ஒருவர்கூட அந்தப் பெண்ணையும் பார்த்ததில்லை, டாக்டரையும் பார்த்ததில்லை.

கதையை விடுங்கள், பாம்பைப் பார்ப்போம். மலைப்பாம்பு பதுங்கியிருந்து பிடிக்கும் பிராணி. இரை பக்கத்தில் வரும்போது வாசனையையும் சூட்டையும் வைத்து அது முடிவெடுப்பது ஒரு சில நொடிகளில். இரவு முழுக்க இரையோடு ஒட்டிப் படுத்து, காலையில் இரை எழுந்து குளித்துவிட்டு வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்து, மறுபடி இரவில் வந்து அளந்து பார்க்கிற பாம்பு இனம் ஒன்று இருந்திருந்தால் அது எப்போதோ பட்டினியில் அழிந்திருக்கும். அப்புறம், பாம்பு பாய வேண்டுமென்றால் கழுத்துப் பகுதியை வளைத்து மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட மாதிரி நீட்டிக் கிடக்கும் பாம்பு எதையும் பிடிக்கும் நிலையில் இல்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஓட்டை வேறு. பாம்பு ஒன்றை விழுங்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது இரையின் நீளமே அல்ல, அகலம். மனிதரில் அது தோள்பட்டை. பாம்பின் கீழ்த்தாடை இரண்டு துண்டு, நடுவில் இழுபடும் தசைநார்தான் சேர்த்து வைத்திருக்கிறது, அதனால் வாய் அவ்வளவு விரிகிறது (தாடையைக் கழற்றி மாட்டுகிறது என்பதும் கதைதான்). அப்படி விரியும் வாய்க்கும் ஒரு எல்லை உண்டு. ஆக, அளந்துதான் தீரவேண்டும் என்றால் அந்தப் பாம்பு குறுக்காகப் படுத்திருக்க வேண்டும்.

சாப்பாட்டை நிறுத்துவது பால் பைதான்களுக்குப் பொழுதுபோக்கு மாதிரி. இணை சேரும் பருவம், கூண்டில் சூடு குறைவு, இடம் மாற்றம், சில சமயம் எந்தக் காரணமும் இல்லை. உருண்டை ஒரு முறை ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை. நான்தான் தூக்கம் கெட்டு வாராவாரம் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன். 1,640 கிராமில் தொடங்கியது, ஐந்தாம் மாதம் 1,590. ஆறாம் மாதம் ஒருநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எலியைப் பிடித்து விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த ஐந்து மாதத்தில் என்னை அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

கே: பால் பைதான் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு பால் வைப்பீர்கள்? பசும்பாலா, பவுடர் பாலா?

தப்பு உங்கள் மேல் இல்லை, நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். இது பந்து என்ற பொருளில் வரும் பால். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும், அதனால் அந்தப் பெயர். மிரட்டினால் எதிரியை விரட்டுவதை விட்டுவிட்டு உருண்டையாகிவிடும் பிராணியைப் பார்த்துத்தான் ஊரே நடுங்குகிறது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

பால் விஷயத்துக்கு வந்தால், எந்தப் பாம்புக்கும் பால் உணவு இல்லை. ஊர்வனவற்றுக்குப் பால் சுரப்பதும் கிடையாது, குட்டியாக இருக்கும்போது குடித்துப் பழக்கமும் கிடையாது. தாகத்தில் தவிக்கும் பாம்பு, வேறு எதுவும் கிடைக்காவிட்டால் பாலையும் உறிஞ்சும், அது தாகம். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மில்க் ஸ்நேக் என்றே ஒரு பாம்பு இருக்கிறது. தொழுவத்துக்கு எலி தின்ன வந்ததைப் பார்த்து, ராத்திரியில் மாட்டின் மடியில் பால் குடிக்கிறது என்று பழி போட்டார்கள். உள்பக்கமாக வளைந்த அத்தனை கூர்ப்பற்களோடு ஒரு பாம்பு மடியைக் கவ்வினால் மாடு சும்மா நிற்குமா என்று யாரும் கேட்கவில்லை.

என் வீட்டில் இரண்டுக்கும் ஒரு கிண்ணம் தண்ணீர்.

கே: நாய் மாதிரி உங்கள் மேல் பாசம் வைத்திருக்கிறதா? அடித்தால் பழி வாங்குமா?

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்: இல்லை.

பாம்பு வளர்ப்பவர்களில் சிலர் இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்படுவார்கள், "என் பாம்பு என் தோளில் மட்டும்தான் அமைதியாக இருக்கும்" என்பார்கள். இருக்கும். பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுக்கிறதே, அது காற்றில் இருக்கும் வாசனைத் துகள்களை எடுத்து மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு என்ற இடத்துக்குக் கொண்டுபோகும் வேலை. அப்படி என் வாசனை அதற்குப் பழகிவிட்டது. இந்த வாசனை வந்தால் ஆபத்தில்லை என்ற அளவில் பழக்கம். உருண்டை என் முன்கையைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் இருக்கும்போது பார்ப்பவர்கள் "எவ்வளவு பாசம்" என்பார்கள். அதற்கு நான் கொஞ்சம் சூடான மரக்கிளை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, சொல்லப்போனால் எதையும் எதிர்பார்க்காத ஒரு ஜீவன் வீட்டில் இருப்பது ஒருவகையில் நிம்மதி.

அன்பு வைக்கத் தெரியாததற்கு வஞ்சம் மட்டும் எங்கிருந்து வரும்? ஆளை நினைவில் வைத்து, வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, நேரம் பார்த்துக் காத்திருக்கும் அளவுக்கு அதன் மூளையில் இடமில்லை.

கே: என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் பாம்பு வளர்க்கிறான் என்று போன வாரம்தான் தெரிந்தது. எனக்கு 67 வயது, தனியாக இருக்கிறேன். கழிப்பறைக் குழாய் வழியாகக் கீழே வந்துவிடுமா? காலி செய்யச் சொல்லிவிடட்டுமா?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது, அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். பாம்பு தப்பிக்கும். தலை நுழையும் இடுக்கில் உடம்பும் நுழைந்துவிடும், மூடியை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கும், பொறுமைக்குக் குறைவே இல்லை. என் கார்ன் ஸ்நேக் ஆறு வருடத்துக்கு முன் ஒருமுறை வெளியே போய்விட்டது. தப்பு முழுக்க என்னுடையது, தண்ணீர் மாற்றிவிட்டு ஒரு பக்கத்துக் கொக்கியைப் போட மறந்தேன். அலமாரியை நகர்த்தி, செருப்புகளை உதறி, தரையில் மாவு தூவித் தடம் பார்த்து, பதினோராம் நாள் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் மோட்டார் சூட்டில் சுருண்டு கிடந்தது. அதுவரை நான் யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன், அது அதைவிடப் பெரிய தப்பு. பக்கத்து வீட்டில் உடனே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து மூன்று விஷயம் கேளுங்கள். என்ன இனம், வளர்ந்தால் எவ்வளவு நீளம்? கூண்டுக்குப் பூட்டு இருக்கிறதா? வளர்க்க அனுமதிக்கும் காகிதம் இருக்கிறதா? கார்ன் ஸ்நேக், பால் பைதான், கிங் ஸ்நேக் (ராஜநாகம் அல்ல, விஷமில்லாத வேறு பாம்பு) மாதிரி ஐந்தாறு அடிக்குள் நிற்கும் வகை, பூட்டும் இருக்கிறது, காகிதமும் இருக்கிறது என்றால், அது நடு இரவில் உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டால்கூட உங்களுக்கு வரும் ஆபத்து அதிர்ச்சி மட்டும்தான். (அதிர்ச்சி சின்ன விஷயம் என்று சொல்லவில்லை.)

விஷப்பாம்பு என்றாலோ, ரெட்டிகுலேட்டட், பர்மீஸ், ஆப்பிரிக்க ராக் பைதான் போன்ற பெரிய மலைப்பாம்பு இனம் என்றாலோ, குடியிருப்பில் அதற்கு இடமில்லை, தயங்காமல் சொல்லிவிடுங்கள். 2013-ல் கனடாவில் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், ஊர்வன விற்கும் கடைக்கு மேல் இருந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சின்னப் பையன்களை, கூண்டிலிருந்து காற்றோட்டக் குழாய் வழியாகப் போன ஆப்பிரிக்க ராக் பைதான் கொன்றது. இந்தோனேசியாவில் 2017-லும் 2018-லும் காட்டு ரெட்டிகுலேட்டட் பைதான்கள் பெரியவர்களையே விழுங்கியிருக்கின்றன. இதையெல்லாம் மறைத்துவிட்டு "பாம்பு அப்பாவி" என்று பேசுகிறவர்களால்தான் எங்களை யாரும் நம்புவதில்லை. மூன்றடி கார்ன் ஸ்நேக்கையும் ஆறு மீட்டர் ரெட்டிகுலேட்டட் பைதானையும் "பாம்பு" என்ற ஒரே சொல்லில் அடைப்பது, வீட்டுப் பூனையையும் புலியையும் ஒரே சொல்லில் அடைப்பது மாதிரி.

கே: பல்லைப் பிடுங்கிவிட்டுத்தானே வளர்க்கிறீர்கள்?

இல்லை, எல்லாப் பல்லும் இருக்கிறது. பிடுங்கினாலும் திரும்ப முளைக்கும், அதோடு பிடுங்குவது வாய்ப்புண் வந்து பாம்பு சாவதற்கு வழி. விஷமில்லாத இனத்தை வளர்த்தால் பல்லைப் பற்றிக் கவலையே இல்லை. உலகத்தில் ஏறக்குறைய 4,000 பாம்பு இனங்கள் உண்டு, அதில் விஷமுள்ளவை 600 சொச்சம்.

கடித்திருக்கிறதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், அதற்கும் சேர்த்தே: கடித்திருக்கிறது. எலியைத் தொட்ட கையோடு கூண்டுக்குள் கையை விட்டேன். குண்டூசிகளை வரிசையாக வைத்து அழுத்தின மாதிரி ஒரு சுருக், கொஞ்சம் ரத்தம், சோப்புப் போட்டுக் கழுவினேன். பற்கள் உள்பக்கம் வளைந்தவை, வெடுக்கென்று கையை இழுத்தால்தான் கிழியும். அதுவாக விடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், நானும்.

கே: தொட்டால் வழவழவென்று ஈரமாக இருக்குமே, அருவருப்பாக இல்லையா?

ஈரமே இருக்காது. செதில் என்பது நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான். உலர்ந்து, லேசாகக் குளிர்ந்து, முதுகில் பளபளவென்று, அடிவயிற்றுப் பக்கம் அகலப் பட்டைகளாக. கையில் ஏறும்போது தோலுக்கு அடியில் தசை ஒரு அலை மாதிரி ஓடுவது தெரியும். வழவழப்பாக இருப்பது மீனும் தவளையும். பாம்பின் மினுமினுப்பைப் பார்த்து ஈரம் என்று கண் சொல்கிறது, கை ஒருமுறை தொட்டால் மாற்றிச் சொல்லும்.

கே: பாம்புக்குக் காது கேட்காதே, பெயர் வைத்து என்ன பயன்?

பயன் எனக்குத்தான், மருத்துவமனைச் சீட்டில் எழுத ஒரு பெயர் வேண்டும். ஆனால் அடியோடு செவிடு என்பதும் சரியில்லை. வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை, உள்காது இருக்கிறது. தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாகப் போய்ச் சேரும், காற்றில் வரும் ஒலியிலும் அடித்தொண்டைச் சத்தம் ஓரளவு எட்டும். "உருண்டை" என்று கூப்பிட்டால் ஏதோ அதிர்கிறது என்று தெரியலாம். வராது.

கே: விலங்குகளை நேசிப்பவர் என்கிறீர்கள். உயிருள்ள எலியைப் போட்டு அது துடிப்பதை வேடிக்கை பார்ப்பது எந்த ஊர் நேசம்?

உயிரோடு போடுவதில்லை. பொறுப்பாக வளர்க்கும் பெரும்பாலோர் போடுவதில்லை. பாம்புத் தீனிக்கென்றே வளர்த்து, வலியில்லாமல் கொன்று, உறையவைத்த எலி கிடைக்கிறது. அதைப் பையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு உறைநிலை போன பிறகு இடுக்கியில் பிடித்து நீட்டுவேன். உயிருள்ள எலியைப் போடுவது எலிக்கு மட்டும் கொடுமை இல்லை. பசியில்லாத பாம்போடு எலியை ராத்திரி விட்டுவிட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும், முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் கடிபட்ட பாம்புகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். வேடிக்கைக்காக உயிர் எலியைப் போட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அவர்களைத் திட்ட விரும்பினால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலி செத்ததால் பாவம் இல்லையா என்றால், இருக்கிறது. பாம்புக்கு இறைச்சி இல்லாத உணவு கிடையாது. வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குப் பத்துப் பதினான்கு நாளைக்கு ஒரு எலி போதும். பூனை வளர்ப்பவர்கள் இறைச்சிக் கணக்கை எங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கே: காட்டில் இருக்கவேண்டியதைப் பெட்டிக்குள் அடைத்து வைப்பது கொடுமைதானே? மனசாட்சியோடு பதில் சொல்லுங்கள்.

வந்த கேள்விகளிலேயே இதுதான் என்னைக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைக்கச் செய்தது.

பாம்பு வளர்ப்பவர்களிடையே வெகுகாலம் ஓடிய ஒரு கட்டுக்கதை, "பெரிய கூண்டில் விட்டால் பாம்பு பயந்துபோகும், சின்னப் பெட்டிதான் அதற்குப் பாதுகாப்பு" என்பது. வெளியார் கட்டிய கதைகளைத் திருத்த வந்த நான், எங்கள் ஆட்கள் கட்டிய இந்தக் கதையை எட்டு வருடம் நம்பினேன். உருண்டையைத் துணி வைக்கும் பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஒன்றில்தான் வைத்திருந்தேன். சாப்பிட்டது, வளர்ந்தது, நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அதன் உடல் நீளத்துக்கும் கூடுதலாக ஒரு தொட்டி கட்டி, சாய்வாக ஒரு மரக்கிளை வைத்தேன். தரையோடு கிடக்கும் சோம்பேறி என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த பாம்பு, மூன்றாம் நாள் இரவு அந்தக் கிளையின் உச்சியில் இருந்தது. டப்பாவில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லாததால்தான் ஏறவில்லை. அன்றைக்கு எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.

இப்போது என் கணக்கு இது. முழுசாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும். பால் பைதானுக்கு ஒரு மூலையில் 32 டிகிரி, மறுமூலையில் 26 டிகிரி வேண்டும், சூட்டைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட் கட்டாயம், ஏனென்றால் பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்க முடியாமல் இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். ஒரே சூடு உள்ள பெட்டி என்பது அதற்குத் தப்பிக்க வழியில்லாத வெயில். இரண்டு மூலையிலும் ஒளிந்துகொள்ளப் பொந்து வேண்டும். ஈரப்பதம் குறைந்தால் சட்டை சரியாக உரியாது. உரித்த சட்டையை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதலில் பார்ப்பது கண் இருக்கும் இடத்தைத்தான். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில் இருக்கும், சட்டையோடு அதுவும் கழன்று வரவேண்டும். சட்டையில் இரண்டு சின்ன வட்டக் கண்ணாடி இருந்தால் எனக்கு அன்றைக்கு நிம்மதி.

இதெல்லாம் செய்தாலும் காட்டுக்குச் சமம் ஆகாது. கூண்டில் பிறந்த பாம்பு என்பதால் காட்டைப் பறிக்கவில்லை என்று சொல்லலாம், அதற்கு மேல் எனக்கும் வாதம் இல்லை. ஆனால் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து காட்டிலேயே பிடித்தும், காட்டு முட்டையை எடுத்துவந்து பொரித்தும் பால் பைதான்களை மூட்டைக் கணக்கில் ஏற்றுமதி செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். அதை வாங்குபவருக்கு இந்தச் சமாதானம்கூட இல்லை. நிறத்துக்காகவே இனப்பெருக்கம் செய்யும் 'ஸ்பைடர்' என்ற பால் பைதான் வகைக்குப் பிறவியிலேயே தலை ஆடும், சிலது தலைகீழாகத் திரும்பிக்கொண்டு இரையைப் பிடிக்கத் தெரியாமல் தவிக்கும். அழகாக இருக்கிறது என்று அதையும் விற்கிறார்கள். கொடுமை எது என்று கேட்டால் என் விரல் முதலில் அங்கேதான் நீளும்.

கே: முக்கோணத் தலை இருந்தால்தான் விஷப்பாம்பு என்று படித்தேன். எங்கள் தோட்டத்தில் அடிக்கடி ஒரு பாம்பு வருகிறது, தலை நீளமாகத்தான் இருக்கிறது. பிடித்து வளர்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். நல்லபாம்புக்கு முக்கோணத் தலை கிடையாது, கட்டுவிரியனுக்கும் கிடையாது, இரண்டும் ஆளைக் கொல்லும். மாறாக, விஷமே இல்லாத மலைப்பாம்பின் தலை அம்பு மாதிரி இருக்கும், சில அப்பாவிப் பாம்புகள் பயமுறுத்துவதற்காகத் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாக்கிக்கொள்ளும். தலையைப் பார்த்து விஷம் சொல்லும் முறை சாகும் முறை. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் வருடத்துக்கு 81,000 முதல் 1,38,000 பேர்வரை பாம்புக் கடியில் சாகிறார்கள். அது செல்லப் பாம்பு வேலை அல்ல, இப்படித் தோட்டத்திலும் வயலிலும் இருக்கும் பாம்பு.

தவிர, காட்டுப் பாம்பைப் பிடித்து வைத்துக்கொள்வது பல நாடுகளில் குற்றம். பிடித்தாலும் பெரும்பாலும் பட்டினி கிடந்தே செத்துப்போகும். தூர நின்று பாருங்கள், நீங்களாகக் கை வைக்காமல் பயிற்சி பெற்ற ஆளையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள்.

கே: என் மகள் விரும்பும் பையன் பாம்பு வளர்க்கிறானாம். பச்சை குத்திக்கொண்டு, பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரியும் ஆளாகத்தான் இருப்பான் என்று என் மனைவி அழுகிறாள். இப்படிப்பட்டவர்களுக்கு மனநிலை சரியாக இருக்குமா?

ஐயா, எனக்குத் தெரிந்த பாம்பு வளர்ப்பவர்களில் ஒரு பல் மருத்துவர், ஒரு கணக்காளர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார்கள். பச்சை குத்தியவரும் ஒருவர் உண்டு, அவர்தான் எங்களிலேயே அதிகம் பயப்படும் ஆள், இடியென்றால் மேஜைக்கு அடியில் போய்விடுவார். நாங்கள் கூடினால் என்ன பேசுவோம் தெரியுமா? எந்தத் தெர்மோஸ்டாட் சீக்கிரம் கெடுகிறது, எந்த மரத்தூள் தூசி கிளப்புகிறது, யார் பாம்பு எத்தனை நாளாக மலம் கழிக்கவில்லை. எடை எழுத நோட்டு, சட்டை உரித்த தேதிக்கு ஒரு நோட்டு. உங்கள் மகளுக்கு நீங்கள் பயப்படவேண்டிய ஆபத்து ஒன்று உண்டென்றால் அது சலிப்பு.

பாம்பைப் பார்த்து உங்கள் மனைவி அழுவதும் தப்பில்லை. பாம்புப் பயம் மனிதருக்கு வெகு பழையது, அதை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. பையனை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். அவன் வீட்டுக்குப் போங்கள். பாம்பு இருக்கும் அறைக்குள் போகலாமா என்று உங்களிடம் கேட்கிறானா? தண்ணீர்க் கிண்ணம் சுத்தமாக இருக்கிறதா? மூடியைத் தானாகவே ஒருமுறை அழுத்திப் பார்க்கிறானா? பாம்பைத் தொட்ட பிறகு கை கழுவிவிட்டு உங்களுக்குக் கை கொடுக்கிறானா? இவ்வளவும் சரியென்றால் பெண் கொடுக்கலாம். பயப்படும் உங்கள் மனைவியின் முகத்துக்கு நேரே பாம்பை நீட்டிவிட்டுச் சிரிக்கிறானென்றால் பாம்பு இல்லாவிட்டாலும் அவன் வேண்டாம்.

கே: எங்கள் வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. தம்பி பாம்பு வாங்கிவரப் போகிறானாம். பாம்பு குழந்தையைக் கடிக்காதா?

கடியைவிட சால்மொனெல்லா பற்றித்தான் நான் கவலைப்படுவேன். நல்ல ஆரோக்கியமான பாம்பின் மலத்திலும் தோலிலும்கூட அந்தக் கிருமி இருக்கலாம், பார்த்தால் தெரியாது. பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடும், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை, முதியவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் என்றால் ஆபத்தாகலாம். உறைந்த எலியிலும் கிருமி சாகாமல் இருக்கும். எலியைச் சமையலறைத் தொட்டியில் உருக்குவது, தண்ணீர்க் கிண்ணத்தைப் பாத்திரங்களோடு கழுவுவது, குழந்தை தவழும் தரையில் பாம்பை விடுவது, மூன்றும் கூடாது. உங்கள் தம்பி ஐந்து வருடம் காத்திருந்தால் பாம்பு இனம் ஒன்றும் தீர்ந்துபோகாது.

கே: வளர்க்க முடியவில்லையென்றால் பக்கத்துக் காட்டில் விட்டுவிடலாம்தானே? அது பிறந்த இடம்தானே?

அது பிறந்த இடம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஃபுளோரிடாவில் இப்படித்தான் பர்மீஸ் பைதான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயலில் ஒரு பாம்புப் பண்ணை இடிந்து தப்பியவையும் சேர்ந்துகொண்டன என்கிறார்கள். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அவை பெருகி, 2012-ல் வந்த ஆய்வுப்படி, பாம்பு வெகுகாலமாக இருக்கும் பகுதியில் ரக்கூன் என்ற பாலூட்டிகள் கண்ணில் படுவது 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அதே வருடம் அமெரிக்கா அந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. பாம்பு வளர்ப்பவர்கள்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் மறுக்கவே முடியாதது இதுதான். வளர்க்க முடியாவிட்டால் இன்னொரு வளர்ப்பவரிடம் கொடுங்கள், மீட்பு மையத்தில் கொடுங்கள். காட்டில் விடாதீர்கள்.

கே: எனக்கு 12 வயது. பாம்பு வளர்க்க ரொம்ப ஆசை. அம்மா வேண்டாம் என்கிறார். நீங்கள் எழுதினால் அம்மா கேட்பார்.

தம்பி, அம்மாவிடம் நான் சிபாரிசு செய்வதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடு. கார்ன் ஸ்நேக் 15, 20 வருடம் இருக்கும். பால் பைதான் 30 வருடம்கூட இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் ஒரு பால் பைதான் 2020-ல் அறுபது வயதைத் தாண்டிய பிறகு முட்டை போட்டது, அதுவும் பல வருடமாக ஆண் பாம்பின் பக்கமே போகாமல். நீ படிக்க வேறு ஊர் போகும்போது, வேலைக்குப் போகும்போது, அதைப் பார்த்துக்கொள்ளப்போவது இப்போது வேண்டாம் என்கிற அதே அம்மாதான். உறைந்த எலியும் அம்மாவின் ஃப்ரிட்ஜில்தான் இருக்கப்போகிறது, ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில்.

ஒன்று செய். ஒரு பெட்டியை எடுத்து உன் அறையில் வை, உள்ளே ஒன்றும் வேண்டாம், ஒரு தெர்மாமீட்டரும் ஒரு கிண்ணம் தண்ணீரும் மட்டும். காலையும் மாலையும் எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுது. தினமும் தண்ணீரை மாற்று. வாரம் ஒருமுறை பெட்டியைக் கழுவிக் காயவை, பிறகு கையைக் கழுவு. அறையை விட்டுப் போகும்போதெல்லாம் மூடியை அழுத்திப் பார். மூன்று மாதம், ஒரு நாளும் விடாமல், பாம்பே இல்லாத பெட்டிக்கு. பாதியில் நின்றுவிட்டால் அம்மா சொன்னது சரி. நிற்கவில்லையென்றால் அந்த நோட்டை எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.